மெஷின் போட்ட ட்ராக் ஏன் நிக்கல? அறிகுறிய வச்சு கோளாறு பிடிக்கிற வழி

ரெயில்வே ட்ராக் போடுற மெஷின் பின்னாடியும், ஸ்லீப்பருக்கு (ரெயில தாங்குற குறுக்குக் கட்டை) அடியில ஜல்லிய குத்தி இறுக்குற டேம்பிங் மெஷின் பின்னாடியும் பல வருஷம் நடந்ததுல தெரிஞ்சது என்னன்னா, வர்ற கோளாறு எல்லாம் ஒரு பத்துக்குள்ள தான், அதே பத்து தான் சைட் மாறி மாறி வரும். எந்த அறிகுறிக்கு எதை முதல்ல பாக்கணும், எந்த இடத்துல நாம கைய எடுத்துட்டு ஆள கூப்பிடணும், அது மட்டும் இங்க எழுதுறேன். காசில்லாத செக் முதல்ல, காசு கூடுனது கடைசில. வரிசை மாறுனா பம்ப கழட்டி மாட்டி ரெண்டு ஷிப்ட் போனப்புறம் தான் ஜல்லி பத்தலைன்னு தெரிய வரும், அது எனக்கும் நடந்திருக்கு, என்கூட வேலை பாத்த நிறைய பேருக்கும் நடந்திருக்கு.

எதையும் தொடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க. கோளாறு ஒரே தூரத்துக்கு ஒரு தடவைன்னு திரும்பத் திரும்ப வருதா, இல்ல குறிப்பிட்ட ஒரு இடத்துல மட்டும் வருதா? தூரம் வச்சு வந்தா மெஷின்ல பாருங்க. இடம் வச்சு வந்தா தரையில பாருங்க. ஒண்ணு விட்டு ஒரு ஸ்லீப்பர் லூஸ்னா அது மெஷின், கல்வெர்ட் பக்கத்துல மட்டும் லூஸ்னா அது தரை. இத பிரிச்சுட்டாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி, அதுக்கு ஒரு சாக்பீஸும் ஒரு டேப்பும் போதும், மெஷின நிறுத்திட்டு ஒரு 30 மீட்டர் நடந்து எந்தெந்த ஸ்லீப்பர் கோளாறோ அதுமேல குறி போட்டுட்டே வாங்க, திரும்பிப் பாத்தா குறியே சொல்லிடும்.

இன்னொண்ணு. பிளாக், அதாவது லைன்ல வண்டி விடாம நிறுத்தி வைக்கிற அனுமதி, வாங்காம, பக்கத்து லைன்ல வண்டி வந்தா சொல்ல ஆள் நிக்காம, இதுல எந்த செக்கும் பண்ணாதீங்க. டேம்பிங் யூனிட்டுக்கு கீழ குனியணும்னா, யூனிட் கீழ இறங்காம பிடிக்கிற லாக் பின் போட்டாச்சான்னு உங்க கண்ணால பாத்துட்டு குனியுங்க, இன்னொருத்தர் போட்டேன்னு சொன்னத நம்பி குனியாதீங்க.

## ஸ்லீப்பர் இடைவெளி சீரா இல்ல

600 மிமீ இடைவெளின்னா ஒரு கிலோமீட்டருக்கு 1667 ஸ்லீப்பர் வரணும். ஒவ்வொரு இடைவெளியும் வெறும் 5 மிமீ கூடுனா கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது, ஆனா ஒரு கிலோமீட்டர்ல 8 மீட்டருக்கு மேல நகர்ந்துடும், அதாவது 13, 14 ஸ்லீப்பர் குறையும். அதனால ஒரு இடைவெளிய மட்டும் அளந்து பாக்காதீங்க. 20 இடைவெளிய சேத்து டேப் போடுங்க, சரியா 12 மீட்டர் வரணும். அப்போ தான் சின்ன தப்பு பெருசா தெரியும்.

எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி கூடுது. அளக்குற வீல பாருங்க. தண்டவாளத்து மேலயோ தரையிலயோ உருண்டு, தூரத்த எண்ணி, இப்ப ஸ்லீப்பர விடுன்னு சிக்னல் குடுக்கிறது அது தான். ஒரு மழைக்கு அப்புறம் எங்களுக்கு இடைவெளி 607, 608 மிமீன்னு வந்துட்டே இருந்துச்சு, புரோகிராம்ல 600 தான் இருக்கு, ஆபரேட்டர் ரெண்டு தடவை மாத்தி மாத்தி போட்டுப் பாத்தாரு. கடைசில வீல ஸ்க்ரூ ட்ரைவரால சுரண்டுனா காஞ்ச சேறு வளையம் வளையமா உதிருது, ஒரு 2 மிமீ கனம் தான் இருக்கும். கணக்கு போட்டா சரியா வருது, சுற்றளவு ஒரு மீட்டர் இருக்கிற வீல்ல 2 மிமீ சேறு ஒட்டுனா சுற்றளவு 12 மிமீக்கு மேல கூடும், 600-க்கு ஏழரை மிமீ. தொடச்சு விட்டோம், 600 வந்துடுச்சு.

எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி குறையுது. வீல் தேஞ்சிருக்கு. 50 மீட்டர் டேப் போட்டு, வீல் காட்டுற கணக்கையும் டேப்பையும் ஒப்பிட்டு அளவு திருத்தம் போடுங்க. திருத்தம் போட்டும் அடுத்த நாளே மாறுதுன்னா வீல் மாத்துற நேரம்.

அங்கங்க மட்டும் கூடுது. வீல் வழுக்குது. எண்ணெயோ ஈரமோ இருந்து வீல் சுத்தாம இழுபட்டா அந்த இடத்துல இடைவெளி பெருசாகும். வீல அழுத்தி வைக்கிற ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கான்னு பாருங்க.

இதெல்லாம் சரியா இருந்தும் ஒழுங்கில்லாம கூடிக் குறைஞ்சு வந்தா சென்ஸார் வயர், கனெக்டர், அதுக்கு மேல கண்ட்ரோலர் கார்டு. கனெக்டர கழட்டி சுத்தம் பண்றது வரைக்கும் நாம பண்ணலாம். கார்டு எலக்ட்ரானிக்ஸ் ஆளோட வேலை.

## ஸ்லீப்பர் கோணலா விழுது

முதல்ல அது நெஜமாவே கோணலான்னு பாருங்க, ஏன்னா வளைவுல வெளி ரெயில் பக்கம் இடைவெளி கொஞ்சம் கூடத்தான் செய்யும். 500 மீட்டர் ரேடியஸ் வளைவுல ஒரு இடைவெளிக்கு ரெண்டு மிமீ கிட்ட வித்தியாசம் வரும், அது கோளாறு இல்ல, அப்படித்தான் இருக்கணும். மூலைமட்டத்த ரெயில்ல வச்சு ஸ்லீப்பர் விளிம்ப பாத்தா தெரிஞ்சுடும்.

நெஜமான கோணல்னா, எப்பவும் ஒரே பக்கம் சாயுதா பாருங்க. ஒரே பக்கம்னா கீழ இறக்குற செயின் ஒரு பக்கம் நீண்டிருக்கும், இல்ல ஒரு பக்க கிரிப்பர் இன்னொண்ணுக்கு முன்னாடியே விடுது. செயின் டென்ஷன ரெண்டு பக்கமும் சமமா வைங்க, கிரிப்பர் ரப்பர் தேஞ்சிருந்தா மாத்துங்க. ஒரு தடவை இந்தப் பக்கம் ஒரு தடவை அந்தப் பக்கம்னு வந்தா மெஷின விட்டுட்டு கீழ ஜல்லி மெத்தைய பாருங்க, மேடு பள்ளமா இருந்தா ஸ்லீப்பரோட ஒரு முனை முதல்ல தட்டி சுழண்டுடும். காங்கிரீட் ஸ்லீப்பர் ஒண்ணு 250, 300 கிலோ இருக்கும், ஒரு முனை ஒரு கல்லுல தட்டினாலே போதும். கோணல கடப்பாறை போட்டு நெம்பி சரி பண்றது ரெயில் ஏறுறதுக்கு முன்னாடியே முடியணும், ரெயில ஸ்லீப்பரோட பிடிக்கிற கிளிப் போட்டப்புறம் நெம்புனா கேஜும், அதாவது ரெண்டு ரெயிலுக்கும் நடுவுல உள்ள அகலமும், சேந்து கெடும்.

## ரெயில் ஸீட்ல ஒக்கார மாட்டேங்குது, கிளிப் ஏறல, கேஜ் தப்பா வருது

இந்த மூணும் பெரும்பாலும் ஒரே காரணம், அதனால ஒண்ணா பாக்கலாம். குனிஞ்சு ரெயில் அடிப்பாகத்துக்கும் ஸ்லீப்பருக்கும் நடுவுல பாருங்க. கட்டைவிரல் நகம் அளவு ஜல்லித் துண்டு ஒண்ணு ரப்பர் பேடு மேல ஒக்காந்திருக்கும். மெஷின் கன்வேயர்ல ஸ்லீப்பர் வரும்போதே மேல ஒட்டிட்டு வந்தது அது. தொடப்பம் வச்சுகிட்டு ஒருத்தர் ரெயில் ஸீட்ட, அதாவது ஸ்லீப்பர்ல ரெயில் ஒக்கார்ற இடத்த, கூட்டி விட்டுட்டே போகணும், அந்த ஆள மட்டும் எந்த காரணத்துக்கும் வேற வேலைக்கு அனுப்பாதீங்க. அந்த ஒரு ஆள் இல்லாத அன்னிக்குத் தான் கிளிப் அடிக்கிற நாலு பேரும் சும்மா நிப்பாங்க.

கல் இல்லன்னா ரப்பர் பேடு விலகியிருக்கா, ரெண்டு பேடு ஒண்ணா விழுந்திருக்கான்னு பாருங்க. அடுத்து லைனர், அதாவது கிளிப்புக்கும் ரெயில் அடிப்பாகத்துக்கும் நடுவுல வைக்கிற துண்டு. கேஜ் ரெண்டு மூணு மிமீ டைட்டாவோ ஸ்லாக்காவோ ஒரே சீரா வந்தா உள் பக்க லைனரும் வெளிப் பக்க லைனரும் இடம் மாறி போட்டிருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம், வேற செக்ஷன் ரெயிலுக்கான லைனர் கலந்து வந்திருக்கலாம், மூட்டைய பிரிக்கிற இடத்துலயே பாத்துடுங்க. ஸ்டாண்டர்ட் கேஜ் 1435, பிராட் கேஜ் 1676, உங்க லைன் எதுவோ அதுக்கு கேஜ் கட்டைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை சரி பாருங்க.

லைனரும் சரி, பேடும் சரி, சில ஸ்லீப்பர்ல மட்டும் கேஜ் தப்புன்னா அந்த ஸ்லீப்பரோட வார்ப்பே தப்பு. எந்த பேட்ச், என்ன தேதின்னு ஸ்லீப்பர்ல பதிச்சிருக்கும், குறிச்சு வச்சு க்வாலிட்டி ஆள கூப்பிடுங்க. சுத்தியல்ல அடிச்சு ஏத்திடாதீங்க. ஒவ்வொரு கிளிப்பும் ஒரு டன்னுக்கு பக்கம் அழுத்திப் பிடிக்கிற பொருள், தப்பா ஏறுன கிளிப் தெறிச்சா முகத்துல தான் படும்.

## டேம்பிங் பண்ணியும் ட்ராக் இறங்கிடுது

அதிகமா திட்டு வாங்கித் தர்ற கோளாறு இது தான், மெஷின் மேல பழி விழுறதும் இதுல தான். ஆனா நான் பாத்த வரைக்கும் பாதிக்கு மேல ஜல்லி தான் காரணம்.

நீளம் பூரா இறங்குது. ஸ்லீப்பருக்கு நடுவுல, அதாவது க்ரிப்ல, ஜல்லி ஸ்லீப்பர் மேல்மட்டம் வரைக்கும் இருக்கா? ஷோல்டர்ல, அதாவது ஸ்லீப்பர் முனைக்கு வெளிப் பக்கம், இருக்கா? டூல் உள்ள இறங்கி பக்கத்துல இருக்கிற ஜல்லிய ஸ்லீப்பர் அடிக்கு தள்ளுது, பக்கத்துல ஜல்லியே இல்லன்னா எதை தள்ளும்? முதல்ல ஹாப்பர் வண்டி கொண்டு வந்து ஜல்லி கொட்டுங்க, ரெகுலேட்டர் மெஷின வச்சு நிரவுங்க, அப்புறம் டேம்பிங்.

ஜல்லி இருக்குன்னா டூல் ஆழம் பாருங்க. இதுக்கு மீட்டர நம்பாம கையால தோண்டிப் பாருங்க. ஒரு ராத்திரி முழுக்க பிரஷர் கூட்டி, நேரம் கூட்டி, ஒண்ணும் பிடிபடாம, நான் இறங்கி ஒரு ஸ்லீப்பர் முனையில ஜல்லிய கையால எடுத்துப் பாத்தேன். டார்ச் வெளிச்சத்துல ஸ்லீப்பர் பக்கவாட்டுல, காங்கிரீட்ல, டூல் உரசுன வெள்ளை கோடு தெரியுது, அடியில இருந்து ஒரு ரெண்டு விரக்கடை மேல. அதாவது டூல் ஸ்லீப்பருக்கு கீழ போகவே இல்ல, பக்கத்துலயே இடிச்சுட்டு இருந்திருக்கு. முந்தின வேலையில வேற உயர ஸ்லீப்பருக்கு வச்ச ஆழம், யாரும் மாத்தல. டூல் பிளேடோட மேல் விளிம்பு ஸ்லீப்பர் அடியில இருந்து 15, 20 மிமீ கீழ இருக்கணும். அதை மாத்துனதும் ட்ராக் நின்னுடுச்சு.

ஆழமும் சரின்னா டூல் ஜல்லிய நசுக்குற நேரத்தையும் பிரஷரையும் பாருங்க. காங்கிரீட் ஸ்லீப்பருக்கு ஒரு செகண்ட் கிட்டக்க நேரமும் 110, 120 பார் அளவு பிரஷரும் தான் வழக்கம், உங்க மெஷின் புக்ல என்ன இருக்கோ அத வைங்க. டைம் ஆகலன்னு யாராவது நேரத்த குறைச்சு வச்சிருப்பாங்க. தூக்குற அளவையும் பாக்கணும். 10 மிமீக்கும் கம்மியா தூக்குனா ஜல்லி புகுறதுக்கு இடமே இருக்காது, ஒரேயடியா 50 மிமீக்கு மேல தூக்குனா அடியில காலியா நின்னுடும். 30 மிமீ தாண்டுனா டூல ரெண்டு தடவை இறக்குங்க, 50 தாண்டுனா ரெண்டு பாஸா பிரிச்சு பண்ணுங்க.

ஒண்ணு விட்டு ஒரு ஸ்லீப்பர் இறங்குது. ஒரே நேரத்துல ரெண்டு ஸ்லீப்பர் அடிக்கிற மெஷின்னா, ஒரு செட் டூல்ல மட்டும் கோளாறு. மூணு ஸ்லீப்பர் மெஷின்னா மூணுல ஒண்ணு இறங்கும். ஒரு ஸ்லீப்பருக்கு 16 டூல் வேலை செய்யணும், அதுல எது தேஞ்சிருக்கு எது ஒடஞ்சிருக்குன்னு எண்ணிப் பாருங்க. பிளேடு அஞ்சுல ஒரு பங்கு தேஞ்சாலே மாத்திடுங்க. தேஞ்ச டூல புது டூல் பக்கத்துல வச்சுப் பாத்தா தான் எவ்வளவு போயிருக்குன்னு புரியும், மண்வெட்டி மாதிரி அகலமா இருந்தது முனை மழுங்கி குச்சி மாதிரி ஆகியிருக்கும்.

ஒரு பக்க ரெயில் மட்டும் இறங்குது. அந்தப் பக்க யூனிட்டோட ஆழ அளவையும் நசுக்குற பிரஷரையும் மறுபக்கத்தோட ஒப்பிடுங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரின்னா அந்தப் பக்க ஷோல்டர்ல ஜல்லி இல்ல, இல்ல கரையே அந்தப் பக்கம் சரியுது. கரை சரியுதான்னு பாக்க ஷோல்டர் ஓரத்துல நீளவாக்குல வெடிப்பு இருக்கான்னு தேடுங்க. வெடிப்பு இருந்தா டேம்பிங்க நிறுத்திட்டு மண் இன்ஜினியர கூப்பிடுங்க, வேகத்த குறைக்கவும் சொல்லுங்க.

எத்தன தடவை அடிச்சாலும் அதே இடம் மட்டும் இறங்குது. அங்க போய் மண்டி போட்டு ஸ்லீப்பர் முனைய பாருங்க. ஜல்லி மேல சாம்பல் கலர்ல சேறு தெறிச்சு காஞ்சிருந்தா, வண்டி போகும்போது ஸ்லீப்பர் மேலயும் கீழயும் ஆடி அடியில இருக்கிற சேத்த பம்ப் பண்ணுது. இத டேம்பிங்ல தீர்க்க முடியாது. அடிக்க அடிக்க ஜல்லி உடைஞ்சு தூளாகி இன்னும் மோசமா தான் ஆகும். முதல்ல பக்க வடிகால் அடைச்சிருக்கான்னு பாருங்க, அதை திறந்து விட்டு ஒரு மழை பாத்தாலே சில இடம் தேறிடும். தேறலன்னா அந்த இடத்து ஜல்லிய எடுத்து சலிக்கணும், அதுக்கு ஜல்லி சலிக்கிற மெஷின் வரணும். சலிச்சுப் போட்டும் இறங்குதுன்னா கீழ இருக்கிற ஃபார்மேஷன், அதாவது மண் படுகை, பலவீனம், அது மண் ஆளுங்க வேலை, செலவும் பெருசு. பால முகப்புல இறங்குறதும் இந்த வகை தான், பாலம் இறங்காது, பக்கத்து மண் இறங்கும்.

எல்லாம் சரியா பண்ணி முதல் சில வண்டி போனதும் சீரா கொஞ்சம் இறங்குனா பயப்படாதீங்க, அது இயல்பு. அடிச்ச ஜல்லி செட் ஆகுது. அத வண்டிங்க மேல விடாம, ட்ராக்க அதிர வச்சு அழுத்துற டைனமிக் ஸ்டெபிலைசர் மெஷின் ஒரு தடவை போனா, லட்சம் டன் போக்குவரத்து போன அளவுக்கு செட் ஆகிடும்னு கணக்கு. அந்த மெஷின் போகாத இடம்னா வேகக் கட்டுப்பாட்ட எடுக்க அவசரப்படாதீங்க, டேம்பிங் முடிஞ்ச உடனே ட்ராக்கோட பக்கவாட்டு பிடிப்பு பாதி வரைக்கும் குறைஞ்சிருக்கலாம்.

## ஸ்லீப்பர் நடுவுல விரிசல்

ஸ்லீப்பர் மேல் பக்கம், நடுவுல, குறுக்கால மயிரிழை விரிசல் தெரியுதா? ரெண்டு ரெயிலுக்கும் கீழ ஜல்லி இறங்கி நடுவுல மட்டும் தாங்குது, ஸ்லீப்பர் துலாக்கோல் மாதிரி ஆடுது. ட்ராக் போடுற மெஷினோட முன்னாடி கலப்பை நடுவுல ஒரு பள்ளம் விட்டுட்டு போகணும், அது தேஞ்சிருந்தாலோ மேல தூக்கி வச்சிருந்தாலோ இப்படி ஆகும். விரிசல் இல்லாத ஸ்லீப்பருக்கு நடு ஜல்லிய தளர்த்திட்டு ரெயில் ஸீட்டுக்கு கீழ அடிச்சா போதும். விரிசல் விட்டத கண்டிப்பா மாத்தணும், கம்பி உள்ள துருப்பிடிக்க ஆரம்பிச்சா நின்னுட்டே இருக்காது.

## க்ராஸ் லெவல் தப்பு, ட்விஸ்ட் வருது

க்ராஸ் லெவல்னா ரெண்டு ரெயிலுக்கும் உள்ள உயர வித்தியாசம். முதல் செக், உங்க கையில இருக்கிற லெவல் கட்டையவே சந்தேகப்படுங்க. ஒரு இடத்துல வச்சு படிங்க, அப்படியே 180 டிகிரி திருப்பி வச்சு படிங்க. ரெண்டும் ஒண்ணா வரணும். வரலன்னா வித்தியாசத்துல பாதி கட்டையோட தப்பு. இந்த ஒரு செக்குக்கு ஒரு நிமிஷம் ஆகாது, ஆனா இதப் பண்ணாம மெஷின்ல சாய்வ அளக்குற பெண்டுலத்த திருப்பி திருப்பி செட் பண்ணவங்கள நான் நிறைய பாத்திருக்கேன்.

கட்டை சரின்னா மூணு மீட்டருக்கு ஒரு தடவை படிச்சு எழுதுங்க. எல்லா இடத்துலயும் ஒரே 4 மிமீ தப்புன்னா பெண்டுலம் ஜீரோ மாறியிருக்கு, செட் பண்ணலாம். பக்கத்து பக்கத்து அளவுக்குள்ள வித்தியாசம் ஏறி இறங்குனா அது தான் ட்விஸ்ட், வண்டிய தடம் புரள வைக்கிறது இது தான், இதுக்கு மட்டும் நாளைக்கு பாத்துக்கலாம்னு விடாதீங்க. லூஸா இருக்கிற ஸ்லீப்பர தேடிப் பிடிச்சு திரும்ப அடிங்க.

வளைவு ஆரம்பிக்கிற இடத்துல மட்டும் கேன்ட், அதாவது வெளி ரெயில உயர்த்தி வைக்கிற அளவு, லேட்டா ஆரம்பிச்சு லேட்டா முடிஞ்சா, மெஷின்ல எந்தக் கோளாறும் இல்ல. முன் கேபின்ல ஒக்காந்திருக்கிறவர் அளவு எடுக்குற முன் டிராலி குறிய தொடும்போது அளவு போடணும், டூல் அந்த இடத்துக்கு வர்ற வரைக்கும் காத்திருந்து போட்டிருக்கார். தப்பு வந்த தூரத்த அளங்க, முன் டிராலிக்கும் டூலுக்கும் உள்ள தூரமே வரும்.

வேலைய நிறுத்துற இடத்துல ஒரு படி மாதிரி விழுந்தா ரேம்ப், அதாவது கொஞ்சம் கொஞ்சமா இறங்குற சரிவு, விடல. 1000-க்கு 1 கணக்கு, 30 மிமீ தூக்கியிருந்தா 30 மீட்டர்ல இறக்கணும். பிளாக் முடியப் போகுதுன்னு கடைசி அஞ்சு நிமிஷத்துல இறக்க முடியாது, முன்கூட்டியே ஆரம்பிக்கணும்.

## நேரா போக வேண்டிய ட்ராக் நெளியுது

நெளிவு ஒரே நீளத்துல திரும்பத் திரும்ப வருதுன்னா அளவு எடுக்குற வயர பாருங்க. முன் டிராலியில இருந்து பின் டிராலி வரைக்கும் இழுத்துக் கட்டுன மெல்லிசான ஸ்டீல் வயர் அது, அதுல ஒரு சணல் நூல் தொங்குனாலோ, புல் உரசினாலோ, பலமா காத்து அடிச்சாலோ மெஷின் அதையே அளவுன்னு எடுத்துக்கும். விரல் வச்சு மெதுவா சுண்டி விட்டுப் பாருங்க, சுத்தமா அதிரணும். எங்கயாவது தட்டி நின்னா அந்த இடத்துல இடிக்குது.

அடுத்து டிராலிங்க எந்த ரெயில்ல அழுத்தி நிக்குதுன்னு பாருங்க. எல்லா டிராலியும் ஒரே ரெயில்ல, வளைவுன்னா வெளி ரெயில்ல, அழுத்தி நிக்கணும். ஒண்ணு மட்டும் மறுபக்கம் மாறியிருந்தா ஃபிளேஞ்சுக்கும் ரெயிலுக்கும் உள்ள இடைவெளி அப்படியே தப்பா போய் சேரும். ஏர் பிரஷர் குறைஞ்சு டிராலி அழுத்தாம மிதக்குறதும் உண்டு, கையால தள்ளிப் பாருங்க, நகரக்கூடாது.

வளைவுல நெளிஞ்சா 20 மீட்டர் நூல் பிடிச்சு நடுவுல வெர்சைன், அதாவது நூலுக்கும் ரெயிலுக்கும் உள்ள தூரம், அளங்க. 500 மீட்டர் ரேடியஸ்னா 100 மிமீ வரணும், 1000 மீட்டர்னா 50. ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல அளவு எகிறி எகிறி வந்தா குடுத்த டேட்டாவே தப்பு, இல்ல ஏற்கனவே இருந்த நெளிவ மெஷின் முன் டிராலி அப்படியே எடுத்துகிட்டு பின்னாடி சின்னதாக்கி வச்சிருக்கு. அதுக்கு திரும்ப சர்வே எடுத்து, எங்க எவ்வளவு தள்ளணும்னு எழுதி ஸ்லீப்பர் மேல குறிச்சு, அதை பாத்து முன் கேபின்ல போடணும். வேற வழி இல்ல. சென்ஸார் அளவே ஓடுதுன்னா, அதாவது மெஷின் நிக்கும்போதே முள் நகருதுன்னா, எலக்ட்ரானிக்ஸ் ஆள கூப்பிடுங்க.

## வெல்டுல பள்ளம், வண்டி போகும்போது தட்டுற சத்தம்

ஒரு மீட்டர் ஸ்ட்ரெய்ட் எட்ஜ வெல்டு நடுவுல வச்சு ஓரத்துல வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. வெல்டு கீழ இருந்தா முதல்ல ரெண்டு பக்க ஸ்லீப்பரும் லூஸான்னு பாத்து அடிச்சுக் குடுங்க, பாதி கேஸ் அதுலயே போயிடும். மேடா இருந்தா கிரைண்டிங் பண்ணா போதும். அடிச்சும் பள்ளமாவே இருந்தா வெல்டு பண்ணும்போது முனைய லேசா தூக்கி வைக்காம விட்டிருக்காங்க, ஆறுனதும் கீழ போயிடுச்சு. அதை வெட்டி எடுத்து புதுசா தான் போடணும், கிரைண்டிங்ல தேய்க்க தேய்க்க பள்ளம் நீளும், மறையாது. விரிசல் சந்தேகம் துளி இருந்தாலும் அல்ட்ராசோனிக் ஆள கூப்பிடுங்க, கண்ணால பாத்து முடிவு பண்ற விஷயம் இல்ல அது.

## டூல் இறங்க மறுக்குது, பிரஷர் நிக்கல

முதல்ல ஜல்லி இறுகிப் போச்சான்னு பாருங்க, பழைய ட்ராக்ல மண்ணும் தூளும் சேந்து ஜல்லி கல்லு மாதிரி இறுகியிருக்கும், அங்க எந்த மெஷினும் திணறும். புது ஜல்லியிலயும் இறங்கலன்னா தேஞ்ச டூல், அப்புறம் அதிர்வு. டூல் நிமிஷத்துக்கு 2100 தடவை, அதாவது 35 ஹெர்ட்ஸ்ல அதிரணும், அந்த அதிர்வு குறைஞ்சா ஜல்லி வழி விடாது. ஆயில் லெவல், ஆயில் சூடு, ஃபில்டர் அடைப்பு, இந்த மூணும் அடுத்த செக். ஃபில்டர்ல மினுமினுன்னு பித்தளைத் தூள் தெரிஞ்சா அங்கயே நிறுத்துங்க, பம்ப் உள்ள தேயுது, ஓட்ட ஓட்ட அந்தத் தூள் எல்லா வால்வுக்கும் போகும்.

ஒரு யூனிட் மட்டும் மந்தம்னா அதோட சொலினாய்டு வால்வு கனெக்டர மறு யூனிட்டோட மாத்திப் போட்டுப் பாருங்க, கோளாறு கூடவே மாறுனா கரண்ட் பக்கம், மாறலன்னா வால்வு இல்ல சிலிண்டர். நடு ஷாஃப்ட் பேரிங் கை வைக்க முடியாத சூடுன்னா மெக்கானிக் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க.

லீக் தேடும்போது ஹோஸ் மேல கைய ஓட்டாதீங்க. ஊசி ஓட்டை மாதிரி இருந்து வர்ற ஆயில் தோலுக்குள்ள ஏறிடும், வெளிய சின்ன புள்ளி தான் தெரியும், உள்ள சதை போயிடும். அட்டைய நீட்டிப் பாருங்க. இன்ஜின் ஆஃப் பண்ணாலும் பிரஷர சேத்து வைக்கிற அக்யுமுலேட்டர்ல பிரஷர் இருக்கும், அதை விட்டப்புறம் தான் ஸ்பானர எடுக்கணும். தோல்ல பட்டுடுச்சுன்னா வலி இல்லன்னாலும் உடனே ஆஸ்பத்திரி.

## வெயில் ஏறுனதும் ரெயில் நெளியுது, ஸ்லீப்பர் முனையில இடைவெளி தெரியுது

இதுக்கு நாம பண்ற செக் ஒண்ணு தான், அடையாளம் பாத்துட்டு வண்டிய நிறுத்துறது. ஸ்லீப்பர் முனைக்கும் ஷோல்டர் ஜல்லிக்கும் நடுவுல புதுசா விரல் போற இடைவெளி, கிளிப்புக்கு பக்கத்துல ரெயில் அடிப்பாகத்துல பளபளன்னு நகர்ந்த தடம், தூரத்துல இருந்து பாத்தா லேசா ஒரு வளைவு. 60 கிலோ ரெயில்ல ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் 1.9 டன் கிட்ட அழுத்தம் ஏறுது, கிளிப் போட்ட அன்னிக்கு இருந்த சூட்ட விட 30 டிகிரி கூடுனா ஒவ்வொரு ரெயில்லயும் 55 டன்னுக்கு மேல தள்ளுது. அந்த நேரத்துல டேம்பிங் மெஷின கொண்டு போய் தூக்கினீங்கன்னா ஜல்லி பிடிப்பு விட்டு மொத்தமா பாம்பு மாதிரி வெளிய வந்துடும்.

அதனால சூட்டுல டேம்பிங், தூக்குறது, ஷோல்டர் ஜல்லிய எடுக்குறது எதுவும் கிடையாது. ரெயில் தெர்மாமீட்டர நிழல் பக்கம் ஒட்டி சூட்ட படிச்சு எழுதுங்க. ஷோல்டர்ல ஜல்லி குறைவுன்னா கொட்டி நிரப்பலாம், அது மட்டும் பாதுகாப்பான வேலை. மத்ததெல்லாம் ஸ்ட்ரெஸ் ரிலீஸ் பண்ற டீமோடது, அவங்க கிளிப்ப கழட்டி, ரெயில ரோலர் மேல ஏத்தி, தேவைப்பட்டா டென்ஸர் வச்சு இழுத்து, சரியான நீளத்துக்கு கொண்டு வந்து திரும்ப கிளிப் போடுவாங்க. 250 மீட்டர் ரெயில்ல 20 டிகிரி வித்தியாசத்துக்கு 57 மிமீ நீளம் மாறும், கண் அளவுல வெட்டி ஒட்டுற வேலை இல்ல இது.

அந்த டீம் வந்ததும் முதல்ல கேக்குறது, மெஷின் போட்ட அன்னிக்கு கிளிப் மாட்டும்போது ரெயில் சூடு என்ன, எந்த கிலோமீட்டர்ல இருந்து எது வரைக்கும்னு தான். அந்தக் குறிப்பு இல்லன்னா அந்த நீளம் முழுக்க கழட்டிப் போடணும். அதனால மெஷின் ஓடும்போதே ஒவ்வொரு ரெயில் முனையிலயும் நேரமும் சூடும் எழுதி, ரெயில் வெப்லயும் (ரெயிலோட நடுத்தண்டு) பெயிண்டால குறிச்சு விட்டுடுங்க.